சனிக்கிழமை யாருக்கு?

பிப்ரவரி 6

மாண்புமிகு நகரசபை உறுப்பினர் அவர்களுக்கு,

நகரக் கால்பந்துக் கழகத்தின் சம்பளம் வாங்காத செயலாளர் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இப்படித்தான் எழுத வேண்டுமாம். உங்கள் சட்ட அதிகாரி நேற்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். புது ஸ்டேடியத்துக்கு நிலம் கேட்கிறவன் தம்பி, அதற்கு ஓட்டுப் போடப் போகிறவள் அக்கா. அதனால் தீர்மானம் முடியும்வரை இந்த விஷயத்தை நாம் போனிலோ நேரிலோ பேசக் கூடாது. எழுத்தில் மட்டும்தான். அதிலும் ஒரு நகல் கோப்புக்குப் போகும், கேட்கிற யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கூடப் பிறந்தவளிடம் சண்டை போட முத்திரை வாங்க வேண்டியவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான். இதைப் பிரித்துப் படிக்கும் கோப்பு எழுத்தர் அம்மாவுக்கும் என் வணக்கம். காது கூசினால் மன்னிக்கவும்.

போன வாரம் கமிட்டியில் நீ செய்தது நியாயமா? (மரியாதை இவ்வளவு தூரம்தான் வரும்.) எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது நீதானே எழுந்தாய்? "மேட்ச் அன்னிக்கி கிளினிக் ரோடு என்ன ஆகும்?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு உட்கார்ந்தாயா, அதுவும் இல்லை. போக்குவரத்து அறிக்கை வேண்டும் என்றாய். முடிவு என்ன? கமிட்டி பரிந்துரை எதுவும் செய்யாமல் விஷயத்தை முழு சபைக்குத் தள்ளிவிட்டது. சபையில் உன்னைத் தவிர மற்றவர்கள் சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஆகக் கிளப்பின் உயிர் இப்போது உன் கை தூக்குவதில் இருக்கிறது. திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு அழகாக அமையாது.

உனக்குத் தெரியாததா என்ன? பழைய மைதானத்தின் மர கேலரி ஆபத்தானது என்று பூட்டியாயிற்று. மைதானத்தையே அதன் சொந்தக்காரர் கிடங்கு கம்பெனிக்கு விற்றுவிட்டார். மே மாதம் கடைசி ஆட்டம், அதோடு சாவியைக் கொடுத்துவிட வேண்டும். சொந்த மைதானம் இல்லாத அணியை லீக்கில் சேர்க்க மாட்டார்கள். ஊரில் மிச்சம் இருக்கிற ஒரே இடம் கிளினிக் ரோட்டுக் கடைசியில் நகரசபை கைவிட்ட பால் டிப்போ. பத்து வருஷமாக அங்கே நாய்தான் படுத்திருக்கிறது. அதைக் குத்தகைக்குக் கேட்டால் உனக்கு ரோடு ஞாபகம் வருகிறது.

அப்பா கேலரியில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டுதான் மேட்ச் பார்த்தார், என்னை இல்லை. நான் கீழே நின்று ஆட்கள் முழங்காலைத்தான் பார்த்தேன். அந்தத் தோளுக்காவது ஒரு நன்றி இருக்க வேண்டாமா?

இப்படிக்கு,
செயலாளர் (உன் தம்பியும்கூட)


பிப்ரவரி 9

தம்பிக்கு,

மாண்புமிகு, மண்ணாங்கட்டி எல்லாம் வேண்டாம். அக்கா என்று எழுது. கோப்பு எழுத்தர் உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் முத்திரை கோணலாக விழுந்திருக்கிறது.

கேள்வி கேட்டது துரோகம் என்கிறாய். கேள்வி கேட்கத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். தலையாட்டுவதற்கு ஒரு பொம்மை போதும், அதற்குத் தேர்தல் எதற்கு?

உன் வரைபடத்தை எடுத்துப் பார். மெயின் கேட் கிளினிக் ரோட்டில். வண்டி நிறுத்துமிடமும் கிளினிக் ரோட்டில். போகவும் வரவும் அந்த ஒரே ரோடு. அதன் நடுவில் சிறுநீரக கிளினிக். உள்ளே பன்னிரண்டு மெஷின். சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் படுத்தவர்கள் நாலு மணிக்கு எழுந்து வெளியே வருகிறார்கள். நாலு மணிக்கு உன் மேட்ச் ஆரம்பம். ஆறாயிரம் பேர் அப்போதுதான் ரோட்டில் இருப்பார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது. அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. செவ்வாய், சனி நான் கடையைப் பூட்டிவிட்டுக் கூட்டிப் போகிறேன். வியாழக்கிழமை உன் பெண்டாட்டி வந்து கூட்டிப் போகிறாள். நீ ஒரு நாளாவது வந்திருக்கிறாயா? செவ்வாய், வியாழன் உனக்கு வேலை. ஊரில் எந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் நின்றாலும் ஓட வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை? கேட்டால் ஒரே பதில்தான். "அக்கா, மேட்ச் இருக்கு."

வந்திருந்தால் அந்த ரோட்டில் யாரும் கேட் வைக்க மாட்டார்கள் என்று உனக்கே தெரிந்திருக்கும். நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், உன் பார்வைக்கு ஏற்ற கண்ணாடி மட்டும் என்னிடம் இல்லை.

கேட்டை வேறு பக்கம் மாற்ற முடியுமா என்று எழுது.

அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

கேட்டை மாற்ற முடியாது. பின்பக்கம் ரயில் பாதை. இரண்டு பக்கமும் வீடுகள். எஞ்சினியரிடம் மறுபடியும் கேட்டுவிட்டேன், ஆகாது என்று கையை விரித்துவிட்டார். ஆகவே ரோடு அதுதான்.

வருஷத்துக்கு இருபது சனிக்கிழமை. இருபதே இருபது. அதிலும் கூட்டம் நெரிவது அரை மணி நேரம். ஆம்புலன்ஸ் வந்தால் எங்கள் ஆட்களே வழிவிடுவார்கள், போலீஸ் வேண்டாம். மற்றபடி அரை மணி நேரம் காத்திருந்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள். இந்தக் கிளப் போனால் போனதுதான். தொழிற்சாலையில் வாரம் முழுக்க வாயைத் திறக்காமல் வேலை பார்க்கிறவன் சனிக்கிழமை ஒரு நாள் கத்துகிறான். அதையும் பிடுங்கிவிட்டு அவனுக்கு என்ன கொடுப்பாய், போக்குவரத்து அறிக்கையா?

அம்மாவை இதில் இழுக்காதே. என்னை அடிக்க அம்மாவைக் கம்பாக எடுக்கிறாய். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். அந்த ரோட்டில் குடியிருப்பவர்கள் எல்லாம் உன் வார்டு. அவர்களிடம் ஒரு பேச்சு, எங்களிடம் ஒரு பேச்சு. பாம்புக்குத் தலை, மீனுக்கு வால்.

இருபத்தாறாம் தேதி சபைக்கு எங்கள் ஆட்கள் வருகிறார்கள். பார்வையாளர் மாடம் நிறைந்திருக்கும். யார் எந்தப் பக்கம் என்று ஊரே பார்க்கட்டும்.

தம்பி


பிப்ரவரி 26

உனக்கு,

கூட்டம் முடிந்து நேராகக் கடைக்கு வந்து எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் புரிந்தவரைக்கும் போதும்.

தலைவர் என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்தேன். ஒரு வாக்கியம் சொன்னேன். மேலே மாடத்தில் உங்கள் டிரம்காரன் பீரங்கி பெஞ்சை இரண்டு தட்டுத் தட்டினான். கூட்டத்துக்குள் டிரம் கொண்டுவரக் கூடாது என்பதால் வெறும் கையால். அந்த இரண்டு தட்டு எனக்குத் தெரியாதா? அத்தனை பேரும் எழுந்து திரும்பி நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை. மாடம் முழுக்க முதுகு.

தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. "கிளம்பறாங்களா?" என்று பக்கத்தில் கேட்டார். நாளைக்குப் பத்திரிகையில் 'ஆதரவாளர்கள் வெளிநடப்பு' என்று போடுவார்கள். அந்தக் கூடத்தில் அதன் அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதை ஆரம்பித்து வைத்தவருடைய மகள் நான்.

நம் கோல்கீப்பர் எதிரி அணிக்குப் போய்விட்டு முதல் தடவை நம் மைதானத்துக்கு வந்த அன்று எல்லாரும் கல்லைத் தேடினார்கள். அப்பாதான் சொன்னார். "கல்லும் வேண்டாம், கெட்ட வார்த்தையும் வேண்டாம். அவனுக்கு நம்ம மூஞ்சியக் காட்ட வேண்டாம், அவ்வளவுதான்." நானும் அன்று அவர் தோளிலிருந்து இறங்கித் திரும்பி நின்றேன். அந்த ஆள் மைதானத்தில் அழுததைப் பிறகு சொன்னார்கள். விட்டுப் போனவனுக்கு மட்டும்தான் நாம் அதைச் செய்வோம்.

முன் வரிசையில் மூன்றாவது முதுகு நீலச் சட்டை. போன பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

மேலே ஒரு வார்த்தை பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். விஷயம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. நன்றாக இரு.


பிப்ரவரி 28

அக்காவுக்கு,

ஆமாம், திரும்பினேன். பீரங்கிக்குத் தலையை அசைத்ததும் நான்தான். ஒளிக்கவில்லை.

நீ என்ன சொல்லி ஆரம்பித்தாய்? "இந்தத் திட்டத்தில் ஒரு பெரிய குறை இருக்கிறது." அந்தக் கூடத்தில் உன் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் அது. எதிர்க்கட்சிக்காரன்கூட 'மதிப்புக்குரிய தலைவர் அவர்களே' என்று நாலு வரி சுற்றி வளைத்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தான். நீ எடுத்த எடுப்பில் சொருகினாய். மேலே இருநூறு பேர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கைதட்டச் சொல்கிறாயா?

மனசு கேட்கவில்லை என்பது உண்மை. வீட்டுக்கு வந்து கழற்றிய சட்டையைப் பெண்டாட்டி துவைக்கப் போடாமல் ஓரமாகத் தள்ளிவிட்டாள். அது நீ திட்டுவதைவிடக் கஷ்டம். ஆனால் எங்கள் ஆட்கள் செய்ததில் தப்பில்லை. நீ எங்களை விட்டுப் போனாய்.

தம்பி


மார்ச் 3

அட முட்டாளே,

கோப்பு எழுத்தர் அம்மா மன்னிக்க வேண்டும், இதற்கு வேறு வார்த்தை அகராதியில் இல்லை.

என் முதல் வாக்கியத்தை எழுதியிருக்கிறாய். இரண்டாவது வாக்கியம் என்ன என்று கேட்டாயா? நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். 'அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டால், இந்தக் கிளப் இந்த ஊரை விட்டுப் போகக் கூடாது, பால் டிப்போவை அவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று நான் முன்மொழிகிறேன்.' முன்மொழிய வந்தவளடா நான்! கிளினிக் ரோட்டு ஜனங்களை மூன்று வாரமாக வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, திட்டு வாங்கி, சம்மதிக்க வைத்திருந்தேன். "உன் தம்பிக்காகத்தானே வர்றே?" என்று ஒருவர் கதவைச் சாத்தினார். மற்றவர்கள் சரி என்றுவிட்டார்கள். உனக்காகப் பேச வந்த ஒரே வாயை நீயே மூடினாய்.

மற்றவர்களுக்குத் தெரியாது, சரி. பீரங்கிக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது? பிறந்ததிலிருந்து என்னைப் பார்க்கிறாய். திட்டாமல் நான் உனக்கு எதைக் கொடுத்திருக்கிறேன்? முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தபோது கடை வாசலிலிருந்து வீடு வரை திட்டினேனா இல்லையா? நீ பரீட்சையில் தோற்றபோது அப்பாவிடம் எனக்குத்தான் முதலில் அடி விழுந்தது, உனக்குப் பரிந்து பேசப் போய். அன்றும் உன்னைத் திட்டிவிட்டுத்தான் போனேன். உன் கல்யாணத்துக்கு அப்பா சம்மதிக்கவில்லை, நான் போய்ப் பேசினேன். அதற்கு முன்னால் உன்னை எவ்வளவு நேரம் வறுத்தெடுத்தேன் என்று உன் பெண்டாட்டியைக் கேள், அவள் அறைக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தாள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஊருக்கே தெரியும், உனக்கு அடி மட்டும் ஞாபகம் இருக்கிறது. "ஒரு குறை இருக்கு" என்று நான் ஆரம்பித்தால் காரியம் ஆகப் போகிறது என்று அர்த்தம். அது புரிகிற ஆள் அந்த மாடத்தில் நீ ஒருத்தன்தான் இருந்தாய். நீதான் தலையை அசைத்திருக்கிறாய்.

இப்போது கேள். கேட்டை மாற்ற முடியாதென்றால் கிழமையை மாற்று. கிளினிக்குக்கு ஞாயிறு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ஆடு. லீக் விதியில் தடை இல்லை, நான் படித்துவிட்டேன். ஸ்டேடியம் கட்டி முடிந்தபின் பார்க்கலாம் என்ற கதையும் வேண்டாம். அந்த ரோட்டு ஜனங்கள் நம்ப மாட்டார்கள், நானும் நம்ப மாட்டேன். இந்த சீசனில் மிச்சம் இருக்கும் ஆட்டங்களையே ஏப்ரலிலிருந்து ஞாயிறுக்கு மாற்றிக் காட்டு. கிளப் பொதுக்குழுவின் ஒப்புதல், அடுத்த சபை கூடும் மார்ச் இருபத்தாறாம் தேதிக்குள் என் மேஜைக்கு வந்தால் முன்மொழிகிறேன். வராவிட்டால் வாயே திறக்க மாட்டேன். ஒரு தடவை பட்டது போதும்.

அக்கா


மார்ச் 5

சனிக்கிழமை எங்கள் கிளப்புக்கு வெறும் கிழமை இல்லை. அப்பா காலத்துக்கும் முன்னாலிருந்து சனிக்கிழமை. அதை விட்டுக் கொடு என்று எங்கள் ஆட்களிடம் போய்ச் சொல்வதைவிட நான் ஓடுகிற லிஃப்டுக்கு அடியில் போய்ப் படுக்கலாம்.

இரண்டாவது வாக்கியத்தை முதலில் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?


மார்ச் 11

அக்காவுக்கு,

நேற்று சனிக்கிழமை நான் அம்மாவைக் கூட்டிப் போனதை அம்மா சொல்லியிருப்பாள். எப்படி நடந்தது என்பதை நான் சொல்ல வேண்டும். கோப்பில் இருக்கட்டும்.

நீ கோபத்தில் எழுதியதைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன், வேறு புண்ணிய எண்ணம் ஒன்றும் இல்லை. அங்கே போய், பார்த்து, 'ஒன்றும் பெரிய கஷ்டமில்லை' என்று உனக்கு எழுத நினைத்தேன். சொந்த மைதானத்தில் முக்கியமான ஆட்டம் வேறு. வாழ்க்கையில் முதல் தடவையாக விட்டேன்.

உள்ளே போனதும் நர்ஸ் கேட்டாள், "நீங்க யாரு?" மகன் என்றேன். "ஓ, அந்த ஸ்டேடியம் மகனா!" என்றாள். கட்டிலில் இருந்தவர்கள் எல்லாரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டு வருஷமாக அம்மா அவர்களிடம் என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறாள். நான் ஏன் வருவதில்லை என்று யாரும் கேட்டால், "அவனுக்கு அன்னிக்கித்தான் மேட்ச்சு" என்று பெருமையாகச் சொல்வாளாம். பெருமையாக, அக்கா. எனக்கு உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே இருந்தேன்.

நாலு மணிக்கு வெளியே வந்தோம். மெத்தை ஏற்றி வந்த லாரி ஒன்று ரோட்டில் திரும்பப் போய் மாட்டிக்கொண்டிருந்தது. டாக்சி உள்ளே வர முடியவில்லை. மெயின் ரோடு வரைக்கும் நடக்கலாம் என்று நான்தான் சொன்னேன், என் புத்தி. பாதி தூரத்தில் அம்மாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு கடைப் படியில் உட்கார வைத்தேன். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு நனைந்து ரத்தம் முழங்கை வரைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு அழுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாதான் சொல்லிக் கொடுத்தாள், "இப்படிப் பிடிடா, அக்கா இப்படித்தான் பிடிப்பா." பின்னாலேயே மற்றவர்களும் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்கள்.

நான் போய் லாரிக்காரன் சட்டையைப் பிடித்தேன். அவன் சொன்னான், "விடுண்ணே, கொஞ்ச நேரம் காத்திருந்தா செத்தா போயிடுவாங்க?"

கையை எடுத்துவிட்டேன். அவனை எப்படி அடிப்பது? அது என் வாக்கியம். என் கையெழுத்தில், முத்திரையோடு, கோப்பில் இருக்கிறது.

ஒரே ஒரு லாரி அது. நான் அங்கே ஆறாயிரம் பேரைக் கொண்டுவர இருந்தேன்.

உன் மேலும் கோபமாகத்தான் இருக்கிறது. இரண்டு வருஷமாக "வா, வா" என்றாயே தவிர, ரத்தம் இப்படி வரும், இப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு நாள் சொன்னாயா? குத்திக் காட்டத் தெரிந்த அளவுக்கு உனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், அப்புறம் நான் ஒரேயடியாகக் கவிழ்ந்துவிட்டேன் என்று நினைப்பாய்.

பதின்மூன்றாம் தேதிக் கடிதத்தில் அந்த ஒரு வரியை மட்டும் அடிக்க முடியுமா என்று கோப்பு எழுத்தரிடம் கேட்டுச் சொல்.

தம்பி


மார்ச் 14

அடிக்க முடியாதாம். எழுதியது எழுதியதுதான். "அந்த வரிக்குப் பக்கத்துல மார்ச் பதினொண்ணு கடிதத்தையும் சேர்த்து வெச்சுக் கட்டியிருக்கேன், படிக்கறவங்க ரெண்டையும் படிப்பாங்க" என்றார் அந்த அம்மா. உனக்கு அந்த மரியாதை அதிகம் என்று நான் சொன்னேன்.

சொல்லிக் கொடுக்கவில்லை என்று என்னைக் குற்றம் சொல்கிறாய். எனக்கு யாரடா சொல்லிக் கொடுத்தார்கள்? முதல் தடவை ரத்தம் வந்தபோது நான் என் புடவையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உனக்குத்தான் போன் செய்தேன். பின்னால் கூட்டம் கத்துகிற சத்தம் கேட்டது. "அக்கா, கோல்! அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் எதையும் உன்னிடம் சொல்வதில்லை.

இருபத்தாறாம் தேதி கிட்டே வந்துவிட்டது.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

அந்த போன் எனக்கு ஞாபகமே இல்லை. கோல் ஞாபகம் இருக்கிறது. யார் அடித்தது, எந்தக் காலால் என்றுகூடச் சொல்வேன். இரண்டு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுப் பொதுக்குழு. பழைய மைதானத்து உடை மாற்றும் அறையில், வியர்வை நாற்றத்தில், நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் நாற்காலி மேல் ஏறி நின்றேன். உன்னைப் போலவே ஆரம்பித்தேன். "நம்ம திட்டத்துல ஒரு பெரிய குறை இருக்கு. சனிக்கிழமை ஆடக் கூடாது."

பீரங்கி இந்தத் தடவை டிரம்மோடு வந்திருந்தான். இரண்டு அடி.

அத்தனை பேரும் திரும்பினார்கள், அக்கா. என்னோடு வெயிலில் டிக்கெட் விற்றவன், என் கல்யாணத்தில் மைக் பிடித்தவன், எல்லாரும். முகம் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்படி எழுதி விளக்க முடியாது, உனக்கே தெரியும். ஒரே வித்தியாசம், நீ உட்கார்ந்துவிட்டாய். நான் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் கிளப் போச்சு. அதனால் முதுகுகளிடமே பேசினேன். கிளினிக், பஞ்சு, லாரி, லாரிக்காரன் சொன்னது, அதை அவனுக்கு முன்னால் சொன்னவன் யார், எல்லாம். நீ சொல்ல வந்து சொல்லாமல் விட்ட இரண்டாவது வாக்கியத்தையும் சொன்னேன். "நமக்காகப் பேச வந்தவளுக்கு முதுகு காட்டினோம், தலையை அசைச்சது நான்" என்றேன். யாரும் அசையவில்லை.

அப்புறம் பீரங்கி திரும்பினான். நேராக முறைத்தான். "எந்த கிளினிக்? டயாலிசிஸா? எங்க சித்தப்பன் அங்கதான் படுத்திருக்காரு," என்றான். "முதல்லயே இதைச் சொல்லித் தொலைய மாட்டியா? குறை, குறைன்னு ஆரம்பிச்சா யாருக்குய்யா புரியும்? அக்காவும் தம்பியும் ஒரே அச்சு!"

ஓட்டெடுத்தோம். நிறைய பேர் கையைத் தூக்காமல் வெளியே போனார்கள். சிலர் இனி மைதானத்துப் பக்கம் வர மாட்டார்கள். ஆனால் நிறைவேறிவிட்டது. ஏப்ரல் முதல் எல்லா ஆட்டமும் ஞாயிறு. ஒப்புதல் இணைத்திருக்கிறேன். எல்லாரும் கையெழுத்துப் போட்ட பேனா பீரங்கியுடையது.

முன்மொழி.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

நேற்று நீயே மாடத்தில் இருந்தாய், என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கோப்புக்காக எழுதுகிறேன். பால் டிப்போ நிலத்தைக் கால்பந்துக் கழகத்துக்குக் குத்தகைக்கு விட நகரசபை ஆதரவு தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. முன்மொழிந்தவள் நான். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். நான் எழுந்தபோது மாடத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்துவிட்டேன். எல்லா முகமும் இந்தப் பக்கம் இருந்தது. உன் ஆட்கள் அழகானவர்கள் ஒன்றும் இல்லை, இருந்தாலும் பார்க்க நன்றாக இருந்தது.

கோப்பு இன்றோடு மூடப்படுகிறது. இனிமேல் போனில் திட்டிக்கொள்ளலாம் என்று சட்ட அதிகாரி சொல்லிவிட்டார். கோப்பு எழுத்தர் அம்மாவுக்கு மட்டும் வருத்தம். "அடுத்த வாரம் படிக்க என்ன இருக்கு?" என்கிறார்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அந்த நீலச் சட்டை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அதை இனி என் முன்னால் போட்டுக்கொண்டு வராதே. அந்த போன் ஞாபகம் இல்லை என்று எழுதினாயே, அதற்கு நீ பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் கொஞ்சம் மதிக்கிறேன், அதற்கு மேல் ஒன்றும் எதிர்பார்க்காதே.

தீர்மானத்தின் கடைசி வரியை நிதானமாகப் படி. 'சனிக்கிழமைகளில் ஆட்டம் எதுவும் நடத்தப்படாது.' இரண்டு வருஷமாக நீ சொல்லிவந்த ஒரே காரணத்தை நகரசபை கூடி, ஓட்டெடுத்து, இல்லாமல் ஆக்கியிருக்கிறது. அதற்காக நான் இந்த நிபந்தனையைக் கொண்டுவரவில்லை. ஆனால் முதல் நாளே எனக்கு அது தெரியும், அதையும் மறைக்கவில்லை. ஏப்ரலிலிருந்து சனிக்கிழமை நான் கடையைத் திறந்து வைக்கப் போகிறேன். பதினொன்றரைக்கு அம்மா என் வீட்டு வாசலில் பையோடு நிற்பாள்.

காலையில் அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"அவனுக்கு மேட்ச் இருக்குமேடி" என்றாள்.

"இல்லம்மா. இனிமே சனிக்கிழமை மேட்ச்சே கிடையாது."

புடவை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தாள். அப்புறம் கேட்டாள்.

"அப்ப வருவானா?"

அதை அப்படியே இங்கே எழுதுகிறேன். அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை.

அக்கா